நான் வைத்த சாமி

எங்கள் பக்கத்தில் குளிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. மழைதான் எங்களுக்குக் குளிர். றப்பர்த் தோட்டத்துக்குக் கீழே கிராமத்தில் இருக்கும் சிங்களச் சனங்களை நாங்கள் நாட்டுக்காரர்கள் என்போம். அவர்கள் வெசாக் பண்டிகைக்குக் கூடு கட்ட மூங்கில் பிளக்கத் தொடங்கும்போதே அவிசாவளைப் பக்கம் வானம் கறுத்துவிடும். அதற்குப் பிறகு ஆடி முடியும்வரை நாங்கள் இருக்கும் லயத்துச் சுவரைத் தொட்டால் கை ஈரமாகும். நுவரெலியாவில் வாழ்க்கைப்பட்ட என் சித்தி மகள் போனில் கேலி பேசுவாள். "தெஹியோவிட்டையில என்னடி குளிரு? ஒரு சுவெட்டர் உண்டா உங்க வீட்ல?" என்பாள். "சுவெட்டர் போட்டா போற குளிருன்னா நாங்களும் போட்டுக்குவோம்டி. இது பாய்க்கு அடியில வர்ற குளிரு. ஒரு வாரம் வந்து படுத்துப் பார்த்துட்டுப் பேசு" என்பேன். அவள் இதுவரை வந்ததில்லை.

ஆகவே சித்திரை வருஷம் பிறந்த கையோடு நான் பாவாடையைத் தூக்கிச் செருகிவிடுவேன். முதலில் கூரை. லயத்தில் வரிசையாக இருக்கும் பத்துக் குடும்பத்துக்கும் ஒரே நீளக் கூரை. வெள்ளைக்காரன் போட்ட தகரம், என்னைவிட வயசு கூடியது. துரு தின்ற ஓட்டைகளுக்குச் சாக்குத் துண்டைத் தாரில் முக்கி ஒட்டுவேன். காற்றுக்குத் தகரம் எழும்பாமல் இருக்க, பழைய லொறி டயர்களைக் கயிறு கட்டி மேலே ஏற்றுவோம். பின்பக்கம் மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு ஒரு கான் வெட்டியிருக்கிறது. அதை மண்வெட்டியால் வழித்துவிடாவிட்டால் முதல் மழைக்கே குசினி அடுப்பைச் சுற்றி ஆறு ஓடும். காய்ந்த றப்பர்க் கொம்புகளைப் பிளந்து கூரை இறவாரத்துக்குக் கீழே அடுக்கிப் பொலித்தீன் போர்த்த வேண்டும். வாசலோரத்துப் புல்லை வேரோடு செதுக்கிச் சுண்ணாம்பு தூவாவிட்டால் அட்டை வீட்டுக்குள் விருந்துக்கு வந்துவிடும். மழை நாளில் றப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, பட்டை நனைந்திருக்கும். பால் வெட்டு இல்லாத நாட்களில் வயிறு மட்டும் லீவு எடுக்காது. அதற்காகப் பலாக்கொட்டைகளை மணலில் புதைத்து வைப்பேன். அந்தக் கைப்பாடம் நாட்டுக்காரப் பெண்களிடம் கற்றது.

இதையெல்லாம் தோட்ட நிர்வாகம் வந்து செய்து தரும் என்று வாசல் இஸ்தோப்பில் கால் நீட்டிக் காத்திருக்கும் ஆட்களும் எங்கள் லயத்தில் உண்டு. கடல் வற்றிக் கருவாடு தின்னலாம் என்று காத்திருந்து உடல் வற்றிச் செத்ததாம் கொக்கு. எனக்கு அந்தக் கொக்காக இருக்க முடியாது. கேட்பேன், ஆபிஸ் வாசலில் நின்று கத்துவேன், அவர்கள் செய்யாவிட்டால் நானே செய்வேன்.

போன வருஷம் இந்த வேலைகளுக்கு வேறு ஒரு அவசரம் இருந்தது. கொடகவெலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்த என் மகளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆனி மாதம் பிள்ளை பிறக்கும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஆனி என்றால் நடு மழை. பச்சை உடம்புக்காரியையும் பச்சைப் பிள்ளையையும் கூட்டிவந்து ஈரத்தில் போட்டால் நான் ஒரு தாயா? அவள் படுக்கப் போகும் உள் காம்பராச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். தரையைக் கொத்தி, சீமெந்து பூசி, காயவைத்தேன். மகளின் கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினேன். எல்லாம் சரி. ஒன்று மட்டும் சரியில்லை.

லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு பெரிய பலாமரம். அதன் ஒரு கிளை எங்கள் கூரைக்கு மேலே, சரியாக அந்த உள் காம்பராவுக்கு மேலே நீண்டிருந்தது. தாரும் கையுமாகக் கூரையில் இருந்தபோதுதான் அதைக் கிட்டத்தில் பார்த்தேன். கிளை மரத்தோடு சேரும் இடத்தில் பொந்து விழுந்து கறுப்புத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எறும்பு வரிசை உள்ளே போய் வந்தது. அந்த வருஷம் பார்த்து அது குலை குலையாகக் காய்த்திருந்தது. றப்பர் மரங்களோடு இருபது வருஷத்துக்கு மேல் கிடந்தவள் நான். ஒரு காற்று போதும் என்று தெரிந்தது.

வெட்ட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். வெட்ட முடியாது. அந்த மரத்தடியில் சாமி இருக்கிறது. அந்தச் சாமியை வைத்தது நான்.

அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. என் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், தோட்டத்துப் பலாமரங்களையெல்லாம் நிர்வாகம் ஒரு மரக் கொந்தராத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டது. அவருடைய ஆட்கள் வந்து எங்கள் மரத்திலும் வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் வெட்டு. அந்த மரம் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் எங்கள் லயத்தில் பாதி அடுப்பு எரியாது. பிஞ்சில் பொலொஸ் கறி, முற்றினால் அவியல், பழுத்தால் பிள்ளைகளுக்குச் சுளை, கடைசியில் கொட்டை. ஆபிசுக்குப் போய்க் கேட்டோம். "மரம் தோட்டத்தோடது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் சோறு இறங்கவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு கீழே ஓடும் ஓயாவுக்குப் போனேன். வழவழவென்று ஒரு நீளக் கல்லைத் தேடி எடுத்து அவர் தோளில் ஏற்றினேன். மரத்தடியில் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினேன். உடைந்த கம்பிகளை வைத்து அவர் ஒரு சூலம் முறுக்கித் தந்தார். அதில் எலுமிச்சம்பழம் குத்தினேன். காலையில் மரம் அறுக்கும் வாளோடு வந்த ஆட்கள் கல்லைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், வாளைக் கீழே வைத்தார்கள். கொந்தராத்து முதலாளியே நேரில் வந்தார். நாட்டுக்காரர்தான், ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். தேங்காய் ஒன்று வாங்கி உடைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தோட்டத்துப் பலாமரங்களில் இன்றைக்கும் நிற்பது அது ஒன்றுதான்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்கானது என்பார்கள். எனக்கு நேர் எதிராக நடந்தது. நான் பிடித்தது குரங்கு, அது தெய்வமாகிவிட்டது. லயத்தில் எங்களுக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் அக்காவின் காணாமல்போன ஆடு அந்த வாரமே மரத்தடியில் வந்து நின்றது. அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கு, பொங்கல், நேர்த்திக்கடன். "பலாமரத்து முனி" என்று பெயர் வைத்ததும் அந்த அக்காதான். அவரே கூட்டுவார், அவரே மாலை போடுவார், யார் எந்தப் பக்கம் நின்று கும்பிட வேண்டும் என்பதும் அவர் சட்டம். கீழே ரோட்டில் போகிற திரீவீல்காரர்கள்கூட ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் போவார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். மரம் நின்றது, பிள்ளைகள் சாப்பிட்டார்கள், வேறென்ன வேண்டும்?

ஆனால் இப்போது கிளை வெட்ட வேண்டும். முதலில் முறைப்படி ஆபிசுக்குப் போனேன். அங்கே உதவி மேனேஜர், எங்களுக்குச் சின்னத்துரை, சிங்களப் பையன், வந்து கொஞ்ச நாள்தான், கெட்டவர் இல்லை. நான் சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் வருவதைச் சொன்னேன், பொந்தைச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏ கஹே தெய்யோ இன்னவா நே?"

அந்த மரத்தில் தெய்வம் இருக்கிறதே என்கிறார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

தோட்டத்து ஆட்கள் யாரும் அந்த மரத்தில் கத்தி வைக்க மாட்டார்கள் என்றார். நீங்களாக வெட்டவும் கூடாது, மரம் தோட்டத்துக்குச் சொந்தம் என்றார். "மரம் தோட்டத்தோடது, கிளை மட்டும் என் புள்ள தலைக்கு மேலயா தொரை? இது எந்த ஊரு நியாயம்?" என்று தமிழிலேயே கேட்டேன். கோபம் வந்தால் எனக்குச் சிங்களம் மறந்துவிடும். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, மேலே கேட்டுப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பொறுக்கிறதாம். மழை பொறுக்குமா, பிள்ளை பொறுக்குமா?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வர்ற ஞாயித்துக்கெழமை நாமளே வெட்டிருவோம். கை வாளை மட்டும் தீட்டி வைங்க."

மனுசன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "என்னா புள்ள பேசுற? முனி மரத்துல வாளு வைக்கவா? அதுவும் வாயும் வயிறுமா ஒருத்தி வர்ற நேரத்துல?"

"எந்த முனி? நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க! தோளு வலிக்குதுன்னு ஒரு வாரம் எண்ணெ தேய்ச்சது நானு!"

"நாந்தான் தூக்குனேன். இல்லேன்னு சொல்லல. ஆனா அத்தன கல்லு கெடந்த ஓயாவுல அந்தக் கல்லு ஏன் ஒன் கண்ணுல பட்டுச்சு? யோசிச்சுப் பார்த்தியா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். கல்லைச் சுமந்த ஆளே இப்படிச் சொன்னால் மற்றவர்களை என்ன சொல்ல? ஆனாலும் சொல்லிப் பார்த்தேன். பைப்படியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் எல்லோர் முன்னாலும், அன்று நடந்ததை ஒன்று விடாமல் உடைத்துச் சொன்னேன். சேலை என்னுடையது, குங்குமம் என்னுடையது, கல் ஓயாக் கல் என்றேன். ஒருவர் முகமும் மாறவில்லை. அடுத்த காம்பரா அக்கா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"நீ வச்சேன்னு நெனைக்கிற. அதுதான் ஒன்னைய வைக்க வச்சிருக்கு. ஒனக்கெல்லாம் அம்புட்டுப் புத்தி ஏதுடி?"

எல்லோரும் சிரித்தார்கள். சண்டையை விட்டுவிட்டுப் பாதிக் குடத்தோடு வீட்டுக்குத் திரும்பினேன். அது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

கடைசியில் என் வீட்டுக்காரர் ஒரு வழிக்கு வந்தார். சாமியிடம் பூக் கட்டிக் கேட்போம், உத்தரவு கிடைத்தால் கயிறு பிடிக்க வருகிறேன் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் இலையில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் சரி, சிவப்பு வந்தால் கூடாது. சம்மதித்தேன். பொட்டலம் மடிக்கும் வேலையையும் நானே வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் வெள்ளை நந்தியாவட்டையை வைத்துவிட்டால் போயிற்று என்று கை பரபரத்தது. தோட்டத்தை ஏமாற்றியவளுக்கு இது என்ன பெரிய காரியம்? ஆனால் பொட்டலத்தை எடுக்கப் போவது அக்கா. என் மகளுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்திலேயே இருந்த மனுசி அவர். அந்தக் கையை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. ஒன்றில் நந்தியாவட்டை, ஒன்றில் செம்பருத்தி என்று ஒழுங்காகவே மடித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தார். பிரித்தார். செம்பருத்தி.

கூட்டம் "முருகா" என்றது. என் வீட்டுக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் வெற்றி இல்லை, பயம்தான் இருந்தது. "கேட்டுட்ட. பதிலு வந்துருச்சு. இனி ஒன் வீம்ப விட்டுரு. சாமி நின்னு கொல்லும்டி" என்றார்.

உள் காம்பராவில் போய் மகளுக்காகப் போட்ட கட்டிலில் உட்கார்ந்து கூரையைப் பார்த்தேன். தகரத்துக்கு மேல் ஒரு பலாக்காய் உரசுகிற சத்தம் கேட்டது. எனக்குள் பயம் இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். ஆனால் அந்தக் கிளை விழும் என்று என் கண் சொன்னது, வெட்டாதே என்று ஒரு செம்பருத்தி சொன்னது. நான் யாரை நம்புவது? என் கண்ணைத்தான்.

ஞாயிறு காலையில் ஏணியைச் சாத்தினேன். கை வாளை முதுகில் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நானே ஏறினேன். இந்த வயசில் பொம்பளை மரம் ஏறுவதைப் பார்க்க லயமே திரண்டு வந்தது. பெருங்கிளையை ஒரேயடியாக அறுத்தால் கூரையோடு போகும். நுனியிலிருந்து துண்டு துண்டாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு துண்டையும் மேலே உள்ள கவட்டில் கயிறு போட்டுக் கட்டி, கீழே ஒருவர் பிடித்து மெல்ல இறக்க வேண்டும். கயிற்றின் மறு நுனியைக் கீழே விட்டேன். யாரும் தொடவில்லை. அது அப்படியே தொங்கியது.

"யாரும் புடிக்காட்டிப் போங்க. தகரத்து மேலயே வெட்டிப் போடுறேன். ஒழுகுனா ஒங்களுக்குஞ் சேத்துத்தான் ஒழுகும். ஒரே கூரைதானே!" என்று மேலிருந்து கத்தினேன்.

என் வீட்டுக்காரர் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தார். கல்லைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கயிற்றை எடுத்துக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "விழுந்து தொலைச்சிராத. அம்புட்டுத்தான் சொல்லுவேன்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்தது. அழுதால் வாள் வழுக்கும் என்று அடக்கிக்கொண்டேன்.

நுனித் துண்டுகள் சுகமாக இறங்கின. காய்களைத் தனியாக அறுத்துச் சாக்கில் இறக்கினோம். கடைசியில் அடித்துண்டு. முக்கால்வாசி அறுத்ததும் பொந்துப் பக்கம் தானாகவே முறிந்துவிட்டது. உள்ளே மரமே இல்லை, ஈரமான மாவுதான் இருந்தது. பாரம் ஒரேயடியாகக் கயிற்றில் இறங்க, என் வீட்டுக்காரர் கால் சறுக்கி முன்னால் இழுபட்டார். கட்டை கூரையை நோக்கி ஊசலாடியது. நான் "ஐயோ" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

கீழே பார்த்தால் கயிற்றில் அடுத்த காம்பரா அக்கா தொங்கிக்கொண்டிருக்கிறார். சேலைத் தலைப்பு மண்ணில் புரள, குதிகாலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, வாயில் வசவு மட்டும் நிற்கவில்லை. "நாசமாப் போறவளே! ஒன் கொழுப்புக்கு நாங்க சாகணுமா! முனியாண்டி சாமி, என்னையப் பார்க்காத, கண்ண மூடிக்க... இழுங்கய்யா, மரம் மாதிரி நிக்காம இழுங்க!" அவர் கத்திய கத்தலில் இன்னும் நாலு பேர் வந்து கயிற்றைப் பிடித்தார்கள். கட்டை கூரையைத் தொடாமல் கான் ஓரத்தில் இறங்கியது. அக்கா கையைப் பார்த்தார். தோல் உரிந்திருந்தது. "நானும் தொட்டுட்டேன். இனி என் குடும்பமும் ஒன்னோட சேர்த்திதான்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

அன்று மதியமே செய்தி போய், சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். மரத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், யார் வெட்டினது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முன்னால் போய் நின்றார்.

"தெய்யோ கிவ்வா, மாத்தயா" என்றார். தெய்வம் சொன்னதாம்.

சின்னத்துரை தொப்பியைக் கழற்றினார். கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். "சாமி பேருல பொய்யும் சொல்லியாச்சு. ஒன்னால எத்தன பாவம்டி எனக்கு" என்று அக்கா திரும்பவும் என்னைத் திட்டத் தொடங்கினார்.

அந்த வாரமே மகள் வந்தாள். மழையும் வந்தது. வீடு தாங்கியது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. ஆனால் லயத்தின் கண் முழுக்க என் மகள் வயிற்றின் மேல்தான் இருந்தது. தண்ணீருக்குப் போனாலும், கடைக்குப் போனாலும், "புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்பார்கள். வீம்புக்காரி நான். ஆனால் சாமி கணக்கைத் தீர்க்கப் போவது மகளின் உடம்பில் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்த நினைப்பு எனக்குள்ளும் மெல்லப் புகுந்துவிட்டது.

நாள் வருவதற்கு முன்னாலேயே மகளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. கால் வீங்கியது. வேன் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒப்பரேஷன் செய்து எடுத்தார்கள். பேத்தி. எடை போதாது, மூச்சு இழுக்கிறது என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். மகள் பக்கத்தில் அவள் மாமியாரை நிறுத்திவிட்டு, மாற்றுத் துணி எடுக்க நான் லயத்துக்கு வந்தேன். யாரும் என்னோடு பேசவில்லை. என் வீட்டுக்காரர் இஸ்தோப்பில் ஒரு சேவலின் காலைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்னாது இது?"

"மன்னிப்புக் கேட்டுட்டு வந்துர்றேன் புள்ள. நீ வர வேணாம். நான் மட்டும்..."

சேவலைப் பிடுங்கிக் கட்டை அவிழ்த்துவிட்டேன். அது கத்திக்கொண்டே விறகுக் குவியலுக்குப் பின்னால் ஓடியது. பட்டப்பகல், மழை கொட்டிக்கொண்டிருந்தது. குடையும் எடுக்காமல் நேரே மேட்டுக்கு ஏறினேன். கல்லுக்கு முன்னால் நின்றேன். கும்பிடவில்லை.

"இங்க பாரு" என்றேன். "நீ ஓயாவுல தண்ணிக்குள்ள கெடந்த. யாரு ஒன்னையச் சீண்டுனா? நாந்தான் எடுத்தாந்தேன். நாந்தான் குளிப்பாட்டுனேன். என் கல்யாணச் சேலையக் கிழிச்சு ஒனக்குக் கட்டுனேன். ஒனக்கு இன்னைக்கு வெளக்கு, பொங்கலு, மாலை. எனக்கு நீ ஒண்ணும் தர வேணாம். ஆனா அந்தப் புள்ள மூச்சு மேல நீ கை வச்ச, ஒன்னைய மறுபடி ஓயாவுலயே கொண்டுபோய்ப் போடுவேன். என் புருசன் தூக்க மாட்டாரு. நானே உருட்டிட்டுப் போவேன். ஒரு பய ஒன்னைய அப்புறம் கண்டுபுடிக்க முடியாது."

பிறகு கல்லின் மேல் ஒட்டிக்கிடந்த பலா இலையைத் துடைத்து எறிந்துவிட்டு, துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

பேத்தி கண்ணாடிப் பெட்டியை விட்டு வெளியே வந்தாள். பால் குடித்தாள். அடைமழை நாளொன்றில்தான் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். அந்த வாரம் அடித்த காற்றில் கீழ் மலையில் றப்பர் மரங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. எங்கள் உள் காம்பராவில் அடுப்புத் தணல் சட்டியில் இருந்தது, தரை காய்ந்திருந்தது. பிள்ளை கைகளை மடக்கிக்கொண்டு தூங்கியது. கூரையில் மழை மட்டும்தான் விழுந்தது. நான் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், ஈரமில்லை. அதுவரை அடக்கிவைத்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

அடுத்த காம்பரா அக்கா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். கையில் காகிதத்தில் மடித்த திருநீறு. பிள்ளையின் நெற்றியில் ஒரு கீற்றுப் பூசினார். கண் கலங்கியிருந்தது. "பார்த்தியா? அம்புட்டும் செஞ்ச. ஆனாலும் சாமி ஒன்னைய மன்னிச்சிருச்சு" என்றார்.

"மன்னிக்கல அக்கா," என்றேன். "பயந்துருச்சு."

அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். மேட்டுப் பக்கம் ஒருமுறை பயந்து திரும்பிப் பார்த்தார். பிறகு அவராலும் அடக்க முடியவில்லை, பிள்ளை விழித்துவிடப் போகிறது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்.